தடித்த எழுத்தில் நின்ற ஒரு மடல்

அன்புக்கும் வணக்கத்துக்கும் உரிய ஜெபமணி மதினிக்கு,

சங்கரன்கோவிலிலிருந்து எஸ்தர் எழுதுகிறேன். மடலின் தலையில் நாம் எப்போதும் இடும் அந்த ஒரு சொல்லை இன்று அங்கே இடவில்லை, கடைசிக்கு நிறுத்திவைத்திருக்கிறேன். காரணம் போகப்போக விளங்கும். உங்களைப் பற்றிச் சபைப் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். உங்களைப் பற்றி எழுதுவதைவிட உங்களுக்கே எழுதுவது எனக்கு எளிது. மற்றவர்கள் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

அவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணனைக் கைப்பிடித்து எங்கள் குடும்பத்துக்கு வந்தவர் நீங்கள். சிவகிரித் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கணினிப் பெட்டியின் திருகாணியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நீங்கள்தான். நான் திருமறைப் பகுதிகளை வெண்பாவாக எழுதித் தபாலில் சேர்ப்பேன். நீங்கள் அவற்றைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் திருப்பி அனுப்புவீர்கள். யாப்பு எனக்கு, விசைப்பலகை உங்களுக்கு என்று அந்நாளிலேயே பாகம் பிரித்துக்கொண்டோம்.

இப்போது செய்தி. நம் இருவருக்கும் நீங்கள் எடுத்துத் தந்த அஞ்சல் முகவரியை நடத்திவந்த சிறு நிறுவனம், தன் பணியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. வேண்டிய மடல்களை அவரவர் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள முப்பது நாள் தவணை. பிறகு எல்லாம் அழிந்துவிடும். நீங்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறையவில்லை. அதற்குள் உங்கள் மடல்களும் போய்விடுமா என்று கலங்கினேன்.

எல்லா மடல்களுக்காகவும் கலங்கினேன் என்றால் அது பாதி உண்மை. அந்தப் பெட்டியில் நான் படிக்காத மடல் ஒன்று இருந்தது. தடித்த எழுத்தில், ‘படிக்காதவை: 1’ என்ற குறிப்போடு ஆண்டுக்கணக்காக நின்ற மடல். அனுப்பியவர் நீங்கள். அதைப் பற்றி உங்களிடம் ஒருநாளும் நான் வாய்திறந்ததில்லை.

அண்ணனை அடக்கம் பண்ணிய அடுத்த வாரம் அது. நினைவு ஆராதனை அட்டையில் அச்சிட ஒரு குறள் வெண்பா எழுதினேன்.

தந்தகை தானே திரும்பவும் கொண்டதால்
வந்தகண் ணீரும் புகழ்.

கொடுத்தவரே எடுத்துக்கொண்டார், ஆகவே அழுகையும் துதியே ஆகும் என்பது பொருள். தளை தட்டவில்லை, எதுகை வாய்த்திருந்தது. எனக்கு அதில் ஒரு மனநிறைவு. வழக்கம்போலத் தட்டச்சு செய்து தரும்படி உங்களுக்கே அனுப்பிவைத்தேன். கணவனை இழந்து பத்து நாள் ஆகாதவரிடம் இதைக் கேட்கிறோமே என்று எனக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றாமல் போயிற்று, மதினி?

தாள் கையில் கிடைத்த அன்றே பேருந்து ஏறி வந்தீர்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னீர்கள்.

“ஏட்டி எஸ்தரு, என் கண்ணீருக்கு நீ பேரு வைக்காத. அது வெறும் கண்ணீருதான். துதிக்கணும்னா நீ துதி. எனக்கு வரல.”

“மதினி, வேதத்துல...” என்று நான் தொடங்கினேன்.

“வேதம் எனக்கும் தெரியும்ட்டி” என்று சொல்லித் தாளை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தீர்கள்.

அன்று நான் உங்கள் விசுவாசத்தை அளந்தேன். என் பாட்டை நீங்கள் மறுத்தது ஒரு பக்கம் சுட்டது. துக்கத்தில் துதிக்கத் தெரியாதவர் என்று உங்களைக் குறைவாக எண்ணியது மறுபக்கம். அட்டையை வேறிடத்தில் அச்சடித்தேன். மூன்றாம் நாள் உங்கள் மடல் வந்தது. வசையோ வாதமோ இருக்கும் என்று எண்ணித் திறக்காமல் விட்டேன். இரண்டு ஆண்டுகள் நமக்குள் பேச்சு இல்லை. ஆராதனையில் கண்டால் தலையசைப்போம், அவ்வளவுதான்.

பிறகு என் கணினியில் வைரஸ் ஏறி அது படுத்துக்கொண்டது. நீங்கள் அண்ணாச்சி என்று அழைக்கும் என் வீட்டுக்காரர், எனக்குத் தெரியாமல் உங்களுக்குப் போன் செய்துவிட்டார். மறுநாள் காலையில் ஒரு குறுந்தகட்டோடு வந்து நின்றீர்கள். பழையதை எல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டீர்கள். பக்கத்துத் தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் நாம் பேசாமல் இருந்தது அவ்வளவாக உறுத்தவில்லை. வேலை முடிந்ததும் என் அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தீர்கள். திரையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“எல்லாம் அப்படியே இருக்கு. ஒண்ணும் போகல” என்றீர்கள்.

மதியம் சொதியும் சோறும் வைத்தேன். ஜெபம் பண்ண நான் கண்ணை மூடுவதற்குள் நீங்களே உரக்க, “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்றீர்கள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தீர்கள். இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றவா என்று கேட்டேன். ஊற்றச் சொன்னீர்கள். அதோடு நம் பகை தீர்ந்தது.

படிக்காத மடல் மட்டும் அப்படியே நின்றது. அன்று மாலையே திறந்தேன், மதினி. தமிழ் இல்லை. புள்ளியும் கொம்பும் முளைத்த ஏதோ அயல்நாட்டு எழுத்துகள் வரிவரியாக நின்றன. அந்நாளில் தமிழ் மடல்களுக்கென்று தனி எழுத்துரு ஒன்றை நிறுவியிருந்தோம். பழையதைத் துடைத்தபோது அதுவும் போயிருந்தது. புதிய மடல்களை நீங்கள் எல்லாக் கணினிக்கும் பொதுவான முறையில் எழுதியதால் குறையொன்றும் தெரியவில்லை. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரிசெய்து தந்திருப்பீர்கள். கேட்டால், வந்தபோது படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே. வெட்கப்பட்டு மறுபடியும் ‘படிக்காதவை’ என்றே குறித்துவைத்தேன்.

ஆகவே இந்த முப்பது நாள் தவணை எனக்கு வேறுவிதமாகப் பட்டது. கணினியிலேயே இருந்து அஞ்சலை இறக்கும் செயலி ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுவ வேண்டும். அதில் பழைய எழுத்தும் தெரிய வேண்டும். கடைவீதியில் ஆள் இருக்கிறார்கள், ஒரு போன் போட்டால் வந்து செய்துதருவார்கள் என்றார் வீட்டுக்காரர். நான் ஒப்பவில்லை. அந்த மடலை வேறொருவர் கண் முதலில் பார்க்கக்கூடாது.

“என்னட்டி, பெட்டிக்கு முன்னால முழங்கால் போட்டிருக்க? அதுக்கு ஜெபம் கேக்குமா?” என்று கேலி செய்தார் உங்கள் அண்ணாச்சி. நான் மேசைக்கு அடியில் மின்கம்பியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கணினியை எப்படிக் கையாள்வது என்று முன்பு நீங்கள் எழுதித் தந்த நீலநிற நோட்டை எடுத்துவைத்துக்கொண்டேன். முதல் பக்கத்தில், ‘வாசிக்காமல் எதற்கும் சரி என்று அமுக்காதே’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். எழுபதைக் கடந்த எனக்கு அதைவிட நல்ல துணை கிடைத்திருக்காது.

முதலில் நிறுவியது மிக எளிய செயலி. வெள்ளைச் சுவர்போல அழகாக இருந்தது. ஆனால் எழுத்துருவை மாற்ற அதில் எங்கும் இடம் காணோம். அதை நீக்கினேன். இரண்டாவதில் நாட்காட்டி, குறிப்பேடு, முகவரிப் புத்தகம் என்று ஏழெட்டு அறைகள். எந்த அறையில் மடல் இருக்கிறது என்று தேடியே ஒரு முற்பகல் கழிந்தது. மூன்றாவதாகத் தண்டர்பேர்டைத் தேர்ந்தேன். அமைப்புகளுக்குள் போனால், எந்த மொழி எழுத்துக்கு எந்த எழுத்துரு என்று தனித்தனியே கேட்கும் பலகை ஒன்று அதில் இருந்தது. அதற்காகவே அதை வைத்துக்கொண்டேன்.

அதை நிறுவும்போது கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினேன். கடவுச்சொல் கேட்டது. அடிக்கிறேன், அடிக்கிறேன், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று கையை எடுத்துவிட்டேன். நோட்டைப் புரட்டினால் உங்கள் கையெழுத்து: ‘கடவுச்சொல் அடிக்கும்போது ஒன்றும் தெரியாது. பயப்படாமல் அடித்து முடித்து என்டரைத் தட்டு.’ தட்டினேன். வரிகள் ஓடத் தொடங்கின. உங்கள் முன்னறிவை எண்ணித் தனியே சிரித்தேன்.

அடுத்து, மடல்களை எந்த வழியில் எடுப்பது என்று கேட்டது. ஒரு வழியில் மூலம் நிறுவனத்திடமே இருக்கும், நாம் அதைப் பார்த்துக்கொள்வோம். மற்றதில் மடல் நம்மிடம் இறங்கிவிடும், அங்கே அழிந்தும் போகலாம். பாதியில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று அஞ்சி முதல் வழியையே கொண்டேன். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, இந்தக் கணினியிலேயே தங்கும் கோப்புறைக்குள் ஒவ்வோர் ஆண்டாகப் படியெடுத்தேன். நான்கு நாள் ஆயிற்று. இனி யார் கடையை மூடினாலும் உங்கள் மடல்கள் என் வீட்டில் இருக்கும்.

ஆனால் பழைய எழுத்துருவுக்கு எங்கே போவது? குறுந்தகடுகளைத் துழாவினேன், இல்லை. அப்போதுதான் பெட்டியின் அடிமட்டத்துக்குப் போய், நீங்கள் எனக்கு அனுப்பிய முதல் மடலைத் திறந்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தீர்கள். இதோடு வரும் எழுத்துருவை முதலில் நிறுவிக்கொள், அப்புறம்தான் நான் எழுதுவது உனக்குத் தெரியும் என்று. கீழே இணைப்பாக அந்த எழுத்துரு. எத்தனையோ ஆண்டுகளாக அது அங்கேயே காத்திருந்தது, மதினி! சாவியையும் நீங்களே அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள்.

இறக்கினேன், நிறுவினேன், அமைப்புகளில் அதைத் தேர்ந்தேன். தண்டர்பேர்டை மூடித் திறந்தேன். புள்ளியும் கொம்பும் இருந்த இடங்களில் உங்கள் தமிழ் நின்றது. தடித்த எழுத்தில் நின்ற அந்த மடலை அமுக்கினேன்.

மேலே என் குறள் வெண்பா இருந்தது. தாளை என்னிடமே தந்துவிட்டுப் போயிருந்தும், நினைவிலிருந்தே ஓர் எழுத்தும் மாறாமல், சீர் பிரித்து, இரண்டடியாகத் தட்டச்சு செய்திருந்தீர்கள். கீழே, நீங்கள் பேசுகிறபடியே எழுதியிருந்தீர்கள்:

“எஸ்தரு, அடிச்சிட்டேன். அட்டையில போட்டுக்க. அன்னைக்கி வாசல்ல நின்னு பேசினது தப்புதான், ஆனா சொன்னது தப்பு இல்ல. எனக்கு இன்னும் துதி வரல. உனக்கு வந்திருக்குல்லா, எனக்கும் சேத்து நீ சொல்லிக்கிட்டு இரு. எனக்கு வாரப்ப உன் முன்னால வந்து சொல்லுதேன்.”

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். படித்துக்காட்டினேன். கேலி பேசவில்லை; என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

சொன்னபடியே நீங்கள் வந்து சொன்னீர்கள், மதினி. சொதிக்கு முன்னால், உரக்க, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். அதற்குச் சற்று முன்தான் என் பெட்டியில் அந்த மடல் தடித்த எழுத்தில் நிற்பதைக் கண்டிருந்தீர்கள். இவள் படிக்கவில்லை, நான் எதைச் சொல்லுகிறேன் என்று இவளுக்குத் தெரியாது என்று அறிந்தே சொன்னீர்கள். அதற்குப் பிறகும் இத்தனை ஆண்டு என்னோடு சிரித்துப் பேசினீர்கள், பாட்டெல்லாம் அடித்துத் தந்தீர்கள், நோட்டு எழுதித் தந்தீர்கள். என்னைக் கேட்டிருக்கலாமே? ஒருமுறையாவது, ஏட்டி அந்த மடலைத் திறந்து பார் என்று சொல்லியிருக்கலாமே?

நீங்கள் போன நாளிலிருந்து நான் ஒரு வெண்பாவும் எழுதவில்லை. பத்திரிகைக்காரர்கள் உங்களைப் பற்றி ஒரு பாடல் கேட்டார்கள். இரண்டு சீர் வரும், மூன்றாவது வராது. எனக்கு வந்தது வெறும் கண்ணீர்தான். அதற்கு நான் பேர் வைக்கவில்லை. உங்கள் வாசற்பேச்சு எனக்குப் புரிய எனக்கும் ஒரு சாவு வேண்டியிருந்தது.

ஆனாலும் நன்றி நிறைந்த மனத்தோடுதான் இதை எழுதுகிறேன். பகையின் நடுவிலும் என் வரிகளைப் பிழையின்றி அடித்துவைத்த விரல்களுக்காக. என் குற்றத்தைக் கண்ணால் கண்டும் ‘ஒண்ணும் போகல’ என்று சொன்ன வாய்க்காக. முதல் மடலோடு எழுத்துருவை இணைத்த புத்திக்காக. எனக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொடுத்தது யாப்பு என்று நினைத்திருந்தேன். அதில் பாதி நீங்கள்.

இது என் வாக்கு. உங்கள் பழைய மடல்கள் அனைத்தையும் இந்நாளைய எழுத்தில் நானே தட்டச்சு செய்வேன். இனி எந்தக் கணினியிலும் அவை மறைந்து நிற்காது. ஒரு விரலால் அடிக்கிறேன், நாளுக்கு ஒரு மடல்தான் ஆகிறது. இனி யாருடைய கண்ணீருக்கும் நான் பேர் வைக்கமாட்டேன். துதி வராதவர் யாராவது என் வாசலில் வந்து நின்றால், உங்களுக்கும் சேர்த்து நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்வேன்.

அன்று நீங்கள் சொன்ன சொல்லுக்குச் சொதி ஊற்றினேன். இன்று பதில் சொல்லுகிறேன்.

ஸ்தோத்திரம், மதினி. எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை. உங்களுக்கும் சேர்த்துச் சொல்லுகிறேன்.

உங்கள் மடலைப் படித்துவிட்ட
நாத்தனார் எஸ்தர்