துண்டு உன் தோளில் இருந்தது

அன்புள்ள சுண்டெலிக்கு,

அத்தான் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேலைக்குப் போகிறேன். ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின் மறுபடி மக்கர் செய்தது, கழற்றி மாட்டினேன். உன் அக்கா தலையைப் படம் எடுத்ததும் அதில்தான். படம் தெளிவாகவே வந்திருந்தது. ஒரு பக்கம் முழுக்க ரத்தம்.

அக்கா கடைசியாக மோதின அந்த நெட்டைக்காரியோடு கிக்பாக்ஸிங் ரிங்கில் மோத நீயும் கையெழுத்துப் போட்டுவிட்டாயாம். உங்கள் பயிற்சி மாஸ்டர் போனில் சொன்னார். போஸ்டரில் அக்கா படத்தையும் சேர்க்கலாமா என்று கேட்டார். ‘போனை வைங்க மாஸ்டர்’ என்றேன்.

மணி அடித்த பிறகுதான் உதைத்தாள், அது கொலை என்று எல்லாரிடமும் சொல்கிறாயாம். அந்தச் சண்டை வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மெஷினைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன், வேறு மாதிரி பார்க்க வரவில்லை. முதலில் முழங்கால் விலாவில் ஏறுகிறது. அக்கா குனிகிறாள். குனிந்த முகத்தில் இன்னொரு முழங்கால். மூக்கு ஒரு பக்கமாகப் போய்விட்டது, வாயெல்லாம் ரத்தம். நெட்டைக்காரி பின்வாங்கி நடுவரைப் பார்க்கிறாள். அப்போது உன் அக்கா சிரிக்கிறாள். கிளவுஸால் தாடையைத் தட்டி, இங்கே கொடு என்று காட்டுகிறாள். உங்கள் தொழிலில் நன்றாக வலித்தால்தானே சிரிப்பீர்கள். அது நெட்டைக்காரிக்கும் தெரியும். அவள் கால் காதுக்கு மேலே இறங்கிய பிறகுதான் மணி அடிக்கிறது. அக்கா கை ஊன்றாமல் விழுகிறாள். தலை தரையில் மோதி எகிறி, மறுபடி மோதுகிறது.

இதெல்லாம் உனக்கும் தெரியும். அவள் மூலையில் நின்றது நீதான். துண்டு உன் தோளில் இருந்தது. அதை உள்ளே எறிந்திருந்தால் சண்டை நின்றிருக்கும். ‘துண்டை எறிஞ்சேன்னா இந்த ஜென்மத்துக்கும் உன்கூடப் பேச மாட்டேண்டி’ என்று அவள் உன்னை மிரட்டி வைத்திருந்ததும் எனக்குத் தெரியும்.

நேற்று மாஸ்டர் உன் பயிற்சி வீடியோ அனுப்பினார். ‘என்ன அடிச்சாலும் தாங்குது பாருங்க பொண்ணு’ என்று அவருக்குப் பெருமை. எனக்குத் தெரிந்தது வேறு. அடி வருவதை நீ பார்க்கிறாய். பார்த்த பிறகு இடது கையை இறக்குகிறாய். ஒரு தடவை என்றால் தப்பு என்று விட்டுவிடலாம். ஒவ்வொரு தடவையும் இறக்குகிறாய். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் போகிறது, துடைக்கக்கூட இல்லை. சுண்டெலி, நீ நெட்டைக்காரியை அடிக்கப் போகவில்லை.

போகாதே என்றால் கேட்க மாட்டாய். அக்கா தங்கை இரண்டு பேரும் அதில் ஒரே அச்சு. அதனால் மாஸ்டரிடம் பேசி முடித்துவிட்டேன். சண்டை அன்றைக்கு உன் மூலையில் நான் நிற்கிறேன். அந்தக் கை ஒரு தடவை இறங்கினால் துண்டு உள்ளே வந்துவிடும். அத்தனை பேர் முன்னாலும் என்னை வாய்க்கு வந்தபடி திட்டு.

புருவத்துக்குத் தையல் போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. சண்டைக்குப் பிறகு காலம் முழுக்க என் முகத்தில் முழிக்காவிட்டாலும் சரி. நீ எங்கேயோ நன்றாக இருந்துகொண்டு என்மேல் கோபமாக இருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

உன்
அத்தான்