வெள்ளைச் சேலைக்காரிக்கு என்ன ஆனது

டிசம்பர் 13, வெள்ளி

குளிர். காலையில் பனி. பள்ளிக்கூடம் லீவு.

பழைய டைரி போய்விட்டது. வெந்நீர் அண்டாவுக்கு அடியில். அம்மாவே போட்டாள். வாரப் பத்திரிகைகள், முருகன் காலண்டர், என் டைரி. தமிழ் எழுத்து உள்ள எதுவும் கண்ணில் படக் கூடாதாம். அதனால் இப்போது வரைபட நோட்டின் பின்பக்கத்தில். கட்டம் போட்ட தாள். முன்பக்கமெல்லாம் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு வரைந்த சுரங்கம், ரகசியக் கதவு, புதையல் குறி. புரட்டுகிறவர்கள் விளையாட்டு நோட்டு என்று வைத்துவிடுவார்கள். அம்மா பார்த்தால் இதுவும் அண்டாவுக்குத்தான். அவள் தூங்கிய பிறகு எழுதுகிறேன், ஜீரோ பல்பில்.

பழையது இல்லாததால் எல்லாம் முதலிலிருந்து.

விஜயநகரில் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரர்கள். காலேஜில் பாடம் எடுக்கிறவர், தெருவே அவரை மேஷ்ட்ரு என்று கூப்பிடும். அவர் மனைவி, ஆன்ட்டி. மகள் ஷோபா. என்னோடு ஒன்பதாவது. அப்பா திங்களன்று ராமாபுரம் போனார், பெரியப்பா காட்டில் ராகி அறுப்பு. நேற்றிலிருந்து பஸ் இல்லை. காவிரித் தண்ணீர் விஷயம். பெங்களூரில் தமிழ்க்காரர்கள் வீடு எரிகிறது என்கிறார்கள். இங்கே பெரிய ரோட்டில் ஒரு சைக்கிள் கடையை உடைத்துவிட்டார்கள்.

நேற்று சாயங்காலம் மேஷ்ட்ரு மேலே வந்தார். "பேக பன்னி, பேக பன்னி." சீக்கிரம் வாருங்கள். மாற்றுத் துணி மட்டும் எடுத்துக்கொண்டோம். மாடிக்கு வெளியே பூட்டு. கேட்டால் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று சொல்வார். எங்களுக்குக் கீழே பின்னறை.

நாங்கள் இந்த மாநிலத்திலேயே பிறந்தவர்கள். அப்பா ராமாபுரம், அம்மா ஹனூர். தமிழ்நாட்டில் நான் பார்த்தது பழனி மட்டும். இதை ரோட்டில் நிற்கிற யாரிடம் சொல்வது.

ஆன்ட்டி போட்ட சட்டம்: நான் செல்வி இல்லை, சுமா. அம்மா வாயைத் திறக்கவே கூடாது. என் கன்னடத்துக்கும் ஷோபாவின் கன்னடத்துக்கும் வித்தியாசம் இல்லை. அம்மாவுடையது இரண்டு வார்த்தையில் தெரிந்துவிடும்.

டிசம்பர் 14, சனி

வெயில். ஜன்னல் சாத்தியே.

இது ஷோபாவின் அண்ணன் அறை. அவர் அமெரிக்காவில். போன வருஷம் அனுப்பிய கம்ப்யூட்டர் இங்கேதான், மேலே ஆன்ட்டி தைத்த பூப்போட்ட உறை. கூடவே அந்த விளையாட்டு. மூன்று பாகம். பெயர் நீளமான இங்கிலீஷ், நாங்கள் கோட்டை என்போம். நாலு பேர் சேர்ந்து நடக்கிற கதை. வாள்காரன், வில்காரி, மந்திரவாதி, காயம் ஆற்றுகிறவள். ஒரு பாகம் முடிந்ததும் அதே நாலு பேரை ஃப்ளாப்பியில் எடுத்து அடுத்த பாகத்துக்குக் கொண்டுபோகலாம். அவர்கள் பட்ட அடி, கற்ற மந்திரம், எல்லாம் கூடவே வரும்.

கோட்டை ஒன்று, கோடை லீவில். கோட்டை இரண்டு, தசரா லீவில். மூன்று போன மாதம்தான் வந்தது. பாதியில் இருந்தோம். இப்போது பகல் முழுவதும் அதுதான். வேறு என்ன செய்வது. சத்தத்தை நிறுத்திவிட்டு ஆடுகிறோம்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்க்கிறாள். இங்கிலீஷ் தெரியாது, கதை தெரியாது. மத்தியானம் என் காதருகில் வந்து, "அந்த வெள்ளச் சேலக்காரி ஏன் எப்பவும் கடைசியிலயே நிக்கறா?" காயம் ஆற்றுகிறவளைக் கேட்கிறாள். வெள்ளை அங்கி அது, அம்மாவுக்குச் சேலை. பின்னால் நின்றால்தான் அடி படாது என்றேன். "அது செரி," என்று தலையாட்டினாள். பிறகு அவளை மட்டும்தான் பார்த்தாள்.

அப்பாவிடமிருந்து போன் இல்லை. ராமாபுரத்தில் தபாலாபீசில் ஒன்று, அதுவும் பாதி நாள்.

நாலு மணிக்கு எதிர்வீட்டு ரெயில்வே அங்கிள் வந்தார். ரிடையர்ட். தினமும் நாலு மணிக்கு ஹாலில் மேஷ்ட்ருவோடு காபி. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். "மேலே இருந்தவங்க ஹோதரா?" என்று கேட்டார், போய்விட்டார்களா என்று. மேஷ்ட்ரு, ஆமாம் என்றார். அங்கிளின் அக்கா மகன் ரோட்டில் கட்டையோடு நிற்கிற பையன்களில் ஒருவன். அம்மா மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு இருமல் வந்து தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

காலை தண்ணீர் வரவில்லை. கரண்ட் இரண்டு முறை போனது. ஒவ்வொரு முறையும் விளையாட்டில் கடைசிச் சத்திரத்துக்குப் பிறகு நடந்ததெல்லாம் போச்சு. சத்திரத்தில் படுத்தால்தான் கணக்கில் சேரும்.

கரண்ட் இல்லாத நேரத்தில் ஷோபாவோடு சண்டை. கன்னடத்தில், கிசுகிசுவென்று.

அவள்: "கெட்ட ராஜா சாகணும். அவ்வளவுதான் முடிவு."

நான்: "கோட்டை ஒன்றில் செத்தான். ஒரு வரி வந்தது, வாழ்த்துகள்னு. அப்புறம் கறுப்பு. நீ அன்னைக்கு அழுதே."

"நான் அழலை. கண்ணு எரிஞ்சுது."

"கோட்டை இரண்டில்?"

"அது மோசம்டி. தொடரும்னு போட்டான். அவனைக் கட்டி வெச்சு அடிக்கணும்."

மூன்றாவதுக்குப் பிறகு இன்னொன்று இல்லை என்று அவள் அண்ணன் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் முடிவு சரியாக இருக்க வேண்டும். நான் நினைப்பது:

நாம் செய்தது ஞாபகம் இருக்க வேண்டும். ஒன்றாம் பாகத்தில் ஒரு திருடனைக் கொல்லாமல் விட்டோம். அவன் மூன்றில் வராவிட்டால் எதற்கு அதே ஆட்களைச் சுமந்துகொண்டு வந்தோம்?

நாலு பேருக்கும் என்ன ஆனது என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மொத்தமாக "எல்லோரும் சந்தோஷமாக" என்றால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம்.

கடைசிச் சண்டை கஷ்டமாக இருக்கலாம், நீளமாக இருக்கக் கூடாது.

சண்டை முடிந்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா நடக்க விட வேண்டும். ஊருக்குள். கையில் வாள் இல்லாமல். கதவைத் தட்டினால் திறக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் ஷோபா, "நீ ஜாஸ்தி யோசிக்கிறே," என்றாள். அவள் வெளியே போய் வருகிறாள். பால், பேப்பர். அவளுக்கு ராஜா செத்தால் போதும்.

மதியம் பிசிபேளே சாதம். அம்மா தட்டைக் கழுவப் போனாள், ஆன்ட்டி விடவில்லை. பின்பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எங்கள் முற்றம் தெரியும்.

அம்மா மூன்று நாளாகச் சத்தமாக ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டில் அவள்தான் அதிகம் பேசுகிறவள். அப்பா, ரேடியோ எதற்கு, இவள் இருக்கிறாளே என்பார்.

டிசம்பர் 16, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது.

இன்று கடைசி மாளிகைக்குள் போய்விட்டோம். திருடன் வந்தான். வந்தான். கிழவனாகிவிட்டான், ஒரு சாவி கொடுத்தான், பேசவில்லை, போய்விட்டான். நானும் ஷோபாவும் கையைப் பிடித்துக்கொண்டோம். மூன்றரை மணிக்கு ராஜா. சண்டை நடுவில் அணைத்தால் ஆடியதெல்லாம் போச்சு. நாலு மணி ஆனது. ஹாலில் அங்கிள் குரல், டவரா சத்தம். நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம். சுவிட்சை அணைத்திருக்கலாம்.

வாள்காரனுக்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சம். ஷோபா வெள்ளைச் சேலைக்காரியை முன்னால் கொண்டுவந்தாள், தொட்டு ஆற்ற. ராஜா அவள்மேல் நெருப்பை விட்டான். ஒரே அடி. அவள் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கல்.

அம்மா, "ஐயோ, அந்தப் புள்ள போயிருச்சே சாமி."

முழுக் குரலில். நாலு நாள் அடக்கி வைத்திருந்த குரல். அம்மாவே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹாலில் பேச்சு நின்றது.

பிறகு அங்கிள்: "யாரு ஒளகடெ?" உள்ளே யார்.

மேஷ்ட்ரு: "என் மனைவியோட தங்கை முறை. கொள்ளேகால் பக்கம். உடம்பு சரியில்லை."

"ஓ. கொள்ளேகால்."

கொள்ளேகால் பக்கம் என்பது உண்மைதான். ஹனூர் அந்தப் பக்கம்தான். உண்மையைச் சொன்னார், பொய் மாதிரி கேட்டது. அங்கே பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள் என்று அங்கிளுக்குத் தெரியாமலா இருக்கும், ரெயில்வேயில் முப்பது வருஷம் இருந்தவருக்கு.

மீதிக் காபியைக் குடித்தார். அதுவும் கேட்டது. கேட் சத்தம்.

யாரும் அம்மாவைத் திட்டவில்லை. ஆன்ட்டி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா அவள் காலைத் தொடப் போனாள். "பேடா, பேடா," வேண்டாம் என்று ஆன்ட்டி கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஷோபா சண்டையை முடிக்கவில்லை. திரையில் மூன்று பேர் எங்கள் கட்டளைக்காக நின்றுகொண்டே இருந்தார்கள். கம்ப்யூட்டரை அணைக்காமல் உறையை மட்டும் போட்டாள். இப்போதும் உள்ளே பச்சை வெளிச்சம். அதிலும் கொஞ்சம் எழுத முடிகிறது.

டிசம்பர் 17, செவ்வாய்

மேகமூட்டம். கரண்ட் போகவில்லை, அதிசயம்.

நாலு மணிக்கு அங்கிள் வரவில்லை.

மூன்று வருஷத்தில் அவர் வராத நாள் அவர் பெண்ணின் கல்யாண நாள் மட்டும் என்று ஷோபா சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். ஆன்ட்டி போட்ட காபி டவராவில் ஆடை கட்டியது. மேஷ்ட்ரு ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தார், பேப்பரைத் திருப்பவே இல்லை.

ஐந்து மணிக்கு இரண்டு பையன்கள் கேட்டுக்கு வெளியே. ஒருவன் மாடிப் பூட்டைப் பார்த்தான். இன்னொருவன் கீழே, எங்கள் ஜன்னலை. அங்கிளின் அக்கா மகன் இல்லை. ஷோபா பார்த்துச் சொன்னாள், வேறு பையன்கள். அது நல்லதா கெட்டதா தெரியவில்லை. அங்கிள் சொன்னாரா, சொல்லாமல் வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டாரா, அதுவும் தெரியவில்லை.

முடிவாகிவிட்டது. நாளை ஆன்ட்டியின் அண்ணன் காரில் ஹாசன். அவர் வீட்டில் இருக்க வேண்டும். எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. அங்கே தமிழ்க்காரர்களே இல்லாத தெருவாம், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று மேஷ்ட்ரு சொன்னார். அப்பா போன் செய்தால் அவரே சொல்லிவிடுவார்.

நான் கேட்டேன், "அங்கேயும் அம்மா பேசக் கூடாதா?"

"கொஞ்ச நாள், சுமா," என்றார். மறந்து இல்லை. பழகட்டும் என்று.

டிசம்பர் 18, புதன்

கார் பதினொரு மணிக்கு. இதைப் பகலில், பாத்ரூமில்.

காலையில் ஷோபா உறையை எடுத்தாள். மூன்று பேரும் அப்படியே. "முடிச்சுடலாம்," என்றாள். திரும்பச் சத்திரத்திலிருந்து ஆரம்பித்தால் வெள்ளைச் சேலைக்காரியைக் காப்பாற்றலாம், ஆனால் ஐந்து மணி நேரம் ஆகும். ஷோபாவே சொன்னாள், "நீ போனப்புறம் நான் திரும்ப ஆடி அவளைக் காப்பாத்தறேன். எழுதறேன் உனக்கு." வேண்டாம் என்றேன். நான் பார்த்தது எதுவோ அதுதான் எனக்கு முடிவு. திரும்பிப் போய் மாற்ற முடிந்தால் அது முடிவே இல்லை.

மூன்று பேரோடு ஆடினோம். வாள்காரன் ராஜாவைக் கொன்றான். யாரும் கை தட்டவில்லை.

பிறகு வந்தது நான் கேட்டது மாதிரியே. ஊருக்குள் நடக்க விட்டார்கள், வாள் இல்லாமல். கதவுகள் திறந்தன. ஒரு கிழவி வில்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கடைசியில் கறுப்புத் திரையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி. வாள்காரன் தளபதி ஆனான். வில்காரி தன் காட்டுக்குத் திரும்பினாள். மந்திரவாதி பள்ளிக்கூடம் கட்டினான். நல்ல முடிவு. மூன்று பாகத்துக்கும் சேர்த்து நல்ல முடிவு, பொய் சொல்லக் கூடாது.

நாலாவது ஆளைப் பற்றி ஒன்றும் இல்லை. செத்தவர்களுக்கு வரி கிடையாது போல.

அம்மா பின்னால் நின்றிருந்தாள், பை கையில். காதருகில் வந்து, "அவளுக்கு என்ன போட்டிருக்கு?"

ஷோபா என்னைப் பார்த்தாள். தமிழ் தெரியாது அவளுக்கு, ஆனால் புரிந்துவிட்டது.

மந்திரவாதியின் வரியைக் காட்டி, "இதுதான்," என்றேன். "பொழச்சுட்டாளாம். புது ராஜா அவளுக்கு ஒரு வீடு குடுத்தாராம்."

"எங்க?"

"தூரத்துல. வேற ஊர்ல. அங்க அவளை யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்களாம்."

அம்மா அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அங்க அவ யாருகூட பேசுவா, கண்ணு?"

வெளியே ஹார்ன்.