துவக்குக்குக் கட்டை தேடிய கிழமைகள்

நவம்பர் 4, செவ்வாய்

விடியமுன்னமே மழை. வயல் வட்டைக்குப் போகிற வரம்பில் சறுக்கி விழுந்தேன். எனக்கு ஒன்றுமில்லை, துவக்குக்குத்தான். தோளில் அண்டுகிற மரக்கட்டை கழுத்தோடு இரண்டு துண்டு. பன்றிக் காவலுக்கென்று லைசென்ஸ் எடுத்த ஒற்றைக் குழல் துப்பாக்கி. வெளிநாட்டுக் கம்பனிச் சாமான், என்னோடு பதினெட்டு வருடம்.

லைசென்ஸ் புதுப்பிக்கிற மாதமும் இதுதான். சாக்கில் சுற்றிக்கொண்டு, வலையிறவுப் பாலம் தாண்டி, புளியந்தீவு அரசாங்கக் கந்தோருக்கு. லைசென்ஸ் பதிகிற ச. மிஸ் அதே மேசையில்.

வருடத்துக்கு ஒரு நாள், பத்து நிமிடம். மூன்று வருடத்தில் அவரை நான் பார்த்தது அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. மற்ற நாளெல்லாம் நினைப்பு அந்த மேசையில்தான். கலியாணம் ஆகாதவர், அம்மாவோடு இருக்கிறார் என்பது முதல் வருடமே விசாரித்து அறிந்தது. நானும் தனியாள்தான், அக்கா வீட்டில்.

உடைந்ததைப் பார்த்துத் தலையாட்டினார். வேறு கட்டை பூட்டிக் கொண்டுவந்தால்தான் பதியலாமாம். இதைக் கேட்டுச் சந்தோசப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இன்னொரு தடவை வரலாமே.

நவம்பர் 7, வெள்ளி

மழையில்லை, வானம் மப்பு. தேடிய இடங்கள்:

– கொழும்புக் கடை (போனில்). இந்த வகை வராமல் விட்டுக் கனகாலம். பிளாஸ்டிக் கட்டை உண்டு, வேறு கம்பனித் துவக்குக்கு.

– காத்தான்குடி, பழஞ்சாமான் விற்கிற முஸ்லிம் அண்ணன், ஊருக்கே காக்கா. ஒன்று வைத்திருந்தார். ஆணி ஓட்டை ஒரு விரல் விலகி.

– ஓட்டமாவடி, தளபாடப் பட்டறை. தேக்கில் செதுக்கித் தருவார்களாம், மாதிரிக்குப் பழையது வேண்டும். பின்துண்டை அக்கா அடுப்பில் வைத்தாயிற்று. ஈரவிறகு எரியவில்லையாம்.

இவ்வளவையும் சொல்லக் கந்தோருக்குப் போனேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ச. மிஸ் பொறுமையாகக் கேட்டார், அடுப்புக் கதைக்குச் சிரித்தார்.

நவம்பர் 11, செவ்வாய்

கிடைத்துத் தொலைத்துவிட்டது. பனிச்சங்கேணியில் மச்சானுக்குத் தெரிந்த ஒருவர். குழல் வெடித்துத் துவக்கை ஒப்படைத்தவர், கட்டை மட்டும் வீட்டில். அதே கம்பனி. ஆணியை முறுக்கினேன், சிக்கென்று இருந்தது. மச்சானுக்கு, அதாவது அக்காவின் புருசனுக்கு, பெரிய புளுகம், வாயெல்லாம் சிரிப்பு. நாளைக்கே போய்ப் பதிந்துவிட்டு வரச் சொன்னார்.

திரும்பக் கழற்றி நெல்மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். பதிந்துவிட்டால் இனி அடுத்த வருடம்தான்.

நவம்பர் 14, வெள்ளி

அடைமழை. கந்தோரில் சனமில்லை. இன்னும் கிடைக்கவில்லை என்றேன். பொய் சொன்னால் எனக்குக் காது சுடும். சுட்டது.

ச. மிஸ் பேனையை மூடி வைத்தார். அவருடைய அப்பாவும் உயிரோடு இருந்தபோது இதே துவக்குத்தான் வைத்திருந்தாராம். உடைந்தால் தேவைப்படும் என்று அன்றைக்கே மேலதிகமாக ஒரு கட்டை வாங்கி வைத்தாராம். அது பெட்டகத்தில் கிடக்கிறதாம்.

"நீளம் சரிவருமா பாக்கணும். கைய மடக்குங்க."

கட்டையின் அடி முழங்கை மடிப்பில் இருக்க, விரல் விசையில் படவேண்டும். அப்பா சொல்லிக் கொடுத்ததாம். பைல் கட்டுகிற நாடாவை எடுத்து முழங்கையிலிருந்து சுட்டுவிரல் வரை அளந்து முடிச்சுப் போட்டார். அவர் விரல் இரண்டு இடத்தில் பட்டது.

வீட்டுக்கு வந்தும் மடித்த சேட்டுக்கையை இறக்கவில்லை. கையில் காயமா என்று அக்கா கேட்டார். ஓம் என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

வெயில். பன்றி வந்து மேல்மூலைப் பயிரைக் கிண்டிப்போட்டது. கட்டை இருந்தும் துவக்கு ஏன் பூட்டாமல் கிடக்கிறது என்று மச்சான் ஏசினார்.

கந்தோர். ச. மிஸ் கட்டையைச் சீலைக்கடைப் பையில் கொண்டுவந்திருந்தார். ஞாயிறு முழுக்க அரத்தாளால் தேய்த்து எண்ணெய் பூசினாராம். உள்ளங்கை சிவந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு பொய் நிற்கவில்லை.

"மிஸ், எனக்குக் கட்டை கிடைச்சு ஒரு கிழம."

"மறுகா என்னத்துக்கு வந்தீங்க?"

"உங்களப் பாக்க."

பின்னால் நின்ற மனிதர் இருமினார். ச. மிஸ் பையை மேசைக்குக் கீழே வைத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வந்துவிட்டேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வருடத்துக்குப் பத்து நிமிடமாவது மிஞ்சியிருக்கும்.

நவம்பர் 21, வெள்ளி

தூறல். பனிச்சங்கேணிக் கட்டையைப் பூட்டிக்கொண்டு போனேன். ஒரேயடியாக முடிந்துவிடட்டும் என்று.

ச. மிஸ் முகம் பார்க்கவில்லை. குழலில் நம்பர் பார்த்தார். கட்டையைத் தட்டிப் பார்த்தார். ஆணியை ஆட்டிப் பார்த்தார். எல்லாம் சரி. றப்பர் முத்திரையைக் கையில் எடுத்தார். குத்தாமல் திரும்ப வைத்தார்.

"இந்தக் கட்டை சரிவராது." கீழிருந்து பையை எடுத்து நீட்டினார். "அப்பாட கட்டையப் பூட்டிக்கொண்டு வாங்க."

இது நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். மடையன்.

"அது எனக்குத் தெரியும். புதன்கிழம வாங்க. புதன்ல சனம் குறைவு."