டிவி ஓடட்டும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

கம்பெனிகள் கரண்டை வீணாக்காமல், புகையைச் சட்ட அளவுக்குள் வைத்திருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதானே என் வேலை? நேற்று ஒரு பிளாஸ்டிக் கம்பெனி முதலாளி, "எங்க குழாயில ஒரு ஓட்டை காட்டும்மா, பார்க்கலாம்" என்றார். எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னேன். சத்தம் அடங்கியதும் கம்ப்ரசர் காற்றுக் குழாய்கள் மூலைக்கு மூலை 'உஸ்' என்றன; கரண்டைச் செலவழித்து அடைத்த காற்றெல்லாம் வீணாகக் கசிந்துகொண்டிருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்!

"கையெழுத்தப் போட்டுட்டுக் கிளம்பு. இல்லேன்னா உன் வேலை போயிடும்."

"அடைச்சிட்டுக் கூப்பிடுங்க சார், வந்து போடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மேனேஜருக்கும் போன் போயிருக்கிறது. போகட்டும், நான் போடப்போவதில்லை. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

அப்புறம் ஒரு விஷயம். நான் போன் செய்தாலே, என் குரல் சரியாகக் கேட்க வேண்டுமென்று ஃபேன், டிவி, அம்மாவின் மிக்ஸி எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறீர்கள். ஊரையெல்லாம் நிறுத்தச் சொல்கிறவள் கேட்கிறேன், நம் வீட்டில் மட்டும் எல்லாம் ஓடட்டும். இங்கே என் அறையில் அமைதிக்குப் பஞ்சமே இல்லை.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் சின்னவள்