நூற்றிருபதுக்கு மேல்

மார்ச் 4, திங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். ஹாஸ்டலில் என்னோடு தங்கியிருக்கும் நர்ஸ் அக்கா குறட்டை விடுகிறார், மற்றபடி குறையில்லை. படகு இஞ்சின் சத்தத்தில் உங்கள் காது மந்தமானதிலிருந்து போனில் நான் ஒன்று கேட்டால் நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள். இது கத்திச் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. அதனால் எழுதி, படகில் வந்துபோகும் டிக்கெட் அக்கா கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது பிரியுங்கள்.

படகுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை கொடுத்துவிட்டார்கள். துறைமுகத்திலிருந்து நகரத்துக்கு வரும் காலை முதல் படகின் ஒரு வருடப் பயணிகள் கணக்குத் தாள்களைப் படித்து அறிக்கை எழுத வேண்டும். எல்லாம் உங்கள் கையெழுத்து. முதலில் பெருமையாக இருந்தது. நாற்பதாவது தாளில் பெருமை போய்விட்டது.

மழை நாளில் நூற்றிருபது. புயல் எச்சரிக்கைக்கு மறுநாளும் நூற்றிருபது. அந்தப் படகில் ஏற்றக்கூடிய அளவும் அதுதான். "தினமும் அளந்து ஊத்தின மாதிரியா வர்றாங்க?" என்று என் மேலதிகாரி மேடம் கேட்டார். நான் குனிந்துகொண்டேன். உங்கள் மகள் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். உண்மையில் எத்தனை பேர் அப்பா?

அன்பு மகள்


மார்ச் 6, புதன்

பூனைக்குட்டிக்கு அப்பா எழுதறது.

டிக்கெட் அக்கா கவரைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "மாப்பிள்ளை விஷயமா?"ன்னு கேட்டா. ஆமான்னு சொல்லி வச்சிருக்கேன். நீ மறுத்துப் பேசி என் மானத்தை வாங்காதே.

நீ கேட்டதுக்கு வரேன். கேட்ல நின்னு கை மெஷினை ஆளுக்கு ஒரு தடவை அழுத்தறேன். நூத்தி இருபது வந்ததும் மெஷினைச் சட்டைப்பையில போட்டுடறேன். கேட்டை மூடறதில்லை. அதுக்கப்புறம் ஏறறது யாருன்னு உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில தரை துடைக்கிறவங்க, ஓட்டல் துணி வெளுக்கப் போறவங்க. உங்கம்மாவும் அதுல ஒருத்தி. அஞ்சு நாப்பதை விட்டா அடுத்த படகு ஏழு பத்துக்கு. அங்க ஆறரைக்கு வருகைப் பதிவை மூடிடறாங்க. நீ ஏறு, நீ நில்லுன்னு நான் யார் மூஞ்சியைப் பாத்துச் சொல்றது?

பதினாறு வருஷத்துல ஒருத்தர் கால் நனைஞ்சதில்லை. நீயும் மூணு வருஷம் அதே படகுலதான் காலேஜுக்குப் போனே. உனக்கு ஒரு நாளும் மெஷினை அழுத்தினதில்லை. பெத்த பிள்ளையை யாராவது எண்ணுவாங்களா?

மெஷின்ல பட்டன் ஒட்டிக்குது, நூத்தி இருபதுக்கு மேல ஓடலைன்னு எழுதிடு. பழைய மெஷின்தான், யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. எனக்கு வேலை முடிய ரெண்டு வருஷம் இருக்கு. இதுவரைக்கும் நீ அப்பா பேச்சைத் தட்டினதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


மார்ச் 11, திங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று மாலை அங்கே வந்து சிநேகிதி வீட்டில் தங்கினேன். வீட்டுக்கு வந்திருந்தால் அம்மா முகத்தைப் பார்த்ததும் மனம் மாறியிருக்கும். இன்று காலை முதல் படகில் ஏறினேன். என்னைப் பார்த்ததும் உங்கள் கட்டைவிரல் ஒரு நொடி நின்றது. பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

நானே எண்ணினேன், நூற்றெழுபத்தொரு பேர் அப்பா. லைஃப் ஜாக்கெட் நூற்று முப்பது. நகரத் துறையில் இறங்குவதற்காக எல்லோரும் ஒரே பக்கம் வந்ததும் படகு சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்து என் செருப்பு நனைந்தது. எனக்கு முன்னால் அம்மா, என்னைக் கவனிக்காமல், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சுற்றியிருந்த பெண்களும் பேச்சை நிறுத்தாமலே பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது தினசரிப் பழக்கம். நீங்கள் அந்தக் கரையில் கேட்டோடு நின்றுவிடுவதால் உங்களுக்குத் தெரிவதில்லை.

எனக்கு நீங்கள் மெஷினை அழுத்தியதில்லை என்று படித்தபோது சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அந்தப் படகு கவிழ்ந்திருந்தால் நூற்றிருபது பேரைத் தேடி எடுத்ததும் தேடுவதை நிறுத்தியிருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் அந்தப் பெண்கள் ஐந்து நாற்பதுக்கு இரண்டாவது படகு கேட்டு மனுக் கொடுத்தார்களே, அந்தக் கோப்பு அலமாரியில் கிடைத்தது. முதல் கையெழுத்து அம்மாவுடையது. கொண்டுவந்து கொடுத்தவர் நீங்கள். ஏன் பதிலே வரவில்லை என்று மாதக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தீர்கள். மனுவின் ஓரத்தில் பழைய அதிகாரி எழுதியிருக்கிறார்: 'தினசரித் தாளின்படி 120 பேர் மட்டுமே. ஒரு படகு போதும்.'

அது உங்கள் தாள் அப்பா.

மேடத்திடம் நான் யார் என்று சொல்லிவிட்டேன். வேறு யாரிடமாவது அறிக்கையைக் கொடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வேற யார் எழுதினாலும் உள்ளதுக்கு மேல கூட்டி எழுதிட்டாங்கன்னு உனக்குத் தோணும். நீயே எழுது, நான் பக்கத்துல இருக்கேன்" என்றார்.

பட்டன் ஒட்டிக்கொள்கிறது என்று என்னால் எழுத முடியாது. ஒரே ஒரு நாள், கடைசி ஆள் வரைக்கும் அழுத்துங்கள். நானாகக் கண்டுபிடித்தது வேறு, நீங்களாக எழுதிக் கொடுத்தது வேறு.

அன்பு மகள்


மார்ச் 13, புதன்

அன்புள்ள அப்பாவுக்கு,

டிக்கெட் அக்கா இன்றும் வெறுங்கையோடு வந்தார். மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களா என்று கேட்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

நாளை மறுநாள் கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் எழுதினாலும், எழுதாவிட்டாலும்.

கோபமாக இருந்தாலும் காதுக்கு மருந்து விட்டுக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்


மார்ச் 14, வியாழன்

பூனைக்குட்டிக்கு,

கோபம்தான். மூணு நாள் பேனாவை எடுக்கலை. நேத்து சாயந்திரம் உன் கடுதாசியை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், அவளாவது உன்னைத் திட்டுவான்னு. மனு விஷயம் வந்ததும் கையிலிருந்த துணியைக் கீழ வச்சிட்டு, "அந்தத் தாளை எழுதினது நீங்களா?"ன்னு கேட்டா.

இன்னைக்குக் கடைசி ஆள் வரைக்கும் அழுத்தினேன். நூத்தி அறுபத்தெட்டு. தாள்ல எழுதி டிரைவர்கிட்ட காட்டினேன். "எழுதித் தொலைச்சிட்டியா? எழுதினப்புறம் நான் எடுக்க மாட்டேன்"னு சாவியை உருவிட்டார். நாப்பத்தெட்டு பேர் இறங்கணும்னு சொன்னேன். யாரும் அசையலை. ஏசினாங்க. பொண்ணு ஆபீசர் ஆனதும் அப்பனுக்குச் சட்டம் தெரிஞ்சிடுச்சுன்னு ஒருத்தி சொன்னா. எனக்குக் காது மந்தம்னு எல்லாருக்கும் தெரியும், அதனால எல்லாரும் சத்தமாவே ஏசினாங்க.

அம்மா இன்னைக்கு முன்னாடியே ஏறியிருந்தா, முப்பதாவது ஆளோ என்னவோ. அவ இறங்க வேண்டியதே இல்லை. எழுந்து வந்து என்னைப் பாக்காம இறங்கினா. அப்புறம்தான் ஒவ்வொருத்தரா இறங்கினாங்க. படகு போனப்புறம் இறங்கினவங்க ஏழு பத்து வரைக்கும் துறையிலேயே நின்னாங்க. என் பக்கம் ஒருத்தரும் திரும்பலை. அம்மாவுக்கு இன்னைக்கு அரை நாள் சம்பளம் போச்சு.

இப்ப உக்காந்து மறுபடி மனு எழுதறா. ஓரத்துல எவனும் எழுத இடம் விடாம பக்கம் முழுக்க எழுதறா.

மத்தியானம் உங்க ஆபீஸ்லேருந்து தகவல் வந்துடுச்சு. நாளையிலேருந்து நான் கேட்ல நிக்க வேண்டாமாம். திங்கக்கிழமை பத்து மணிக்கு விசாரணைக்கு வரணுமாம். மெஷினைத் திருப்பிக் கொடுத்துட்டேன். மேடம் கேள்வி கேப்பாங்க, பக்கத்து மேஜையில உக்காந்து நீ எழுதுவேன்னு டிக்கெட் அக்கா சொன்னா. கேள்வியைக் கொஞ்சம் சத்தமா கேக்கச் சொல்லு. பதில் எனக்குத் தெரியும்.

நான் எங்க வந்தாலும் நீ எழுந்து நிப்பே. திங்கக்கிழமை நான் உள்ளே வரும்போது எழுந்திரிக்காதே. உக்காந்தே எழுது.

அப்பா