காதில் பஞ்சு வைத்து ரிசீவர் வாங்கியது

ஜூலை 2, புதன்

காலையிலிருந்து மழை. சப்பாத்து காயவில்லை. ஈரத்தோடே காலில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம். வரலாறு ஒப்படை நாளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அக்காவின் சீட்டுப் பணம் வந்துவிட்டது. டிவிக்கு ஒரு ரிசீவரும் ஸ்பீக்கரும் வாங்கப் போகிறோம். எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. (ரிசீவர்: டிவியின் சத்தத்தை வாங்கி, பிரித்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டி. இனி ரி.)

அம்மாவிடம் சொன்ன காரணம்: பாட்டுக் கேட்க. உண்மையான காரணம்: அப்பா.

அப்பா தேயிலை ஸ்டோரில் இலை உருட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருடம். காது மந்தம். ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மெஷின் டிரங்குப் பெட்டிக்குள். "நான் என்ன கெழவனா?"

ஞாயிற்றுக்கிழமைப் படம்தான் நாங்கள் நான்கு பேரும் ஒன்றாக உட்காரும் ஒரே நேரம். போன மாதம் பார்த்த படத்தின் கதையை அப்பா லய வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் முத்தையா மாமாவிடம் சொன்னார். அதில் ஒரு பெண்ணைத் தேடி ஊர் ஊராக அலையும் பெரியவர் சி.ஐ.டி. என்றார். மாமாவும் அந்தப் படத்தைப் பார்த்தவர்.

"என்னா மச்சான், அது அந்தப் புள்ளையோட அப்பன்ல? இத்தன நாளா ஒன்னும் வெளங்காமத்தான் பொட்டி முன்னால குந்திக்கிட்டு இருக்கியா?"

குழாயடியில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு படத்துக்கும் உட்காரவில்லை. "தூக்கம் வருது" என்று உள்ளே போய்விடுகிறார். தூங்குவதில்லை. எட்டிப் பார்த்தேன், கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஜூலை 5, சனி

வெயில், ஒரு மணி நேரம் மட்டும். துணி பாதி காய்ந்தது.

அக்காவின் போனில் நிறைய படித்தேன். ஒன்பது ரி. பட்டியல் போட்டு, வாட்ஸ் அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்தினேன். மிக அழகான பட்டியல், சிவப்புக் கோடெல்லாம் போட்டது. முதல் இடம்: ஜப்பானிலிருந்து வரும் பழைய பெரிய செட் ஒன்று.

முத்தையா மாமாவுக்குச் செய்தி எட்டிவிட்டது. (ஒரே சுவர். எல்லாமே எட்டும்.)

"வாங்குறதுதான் வாங்குறீங்க, திருவிழா செட்டு மாதிரி பெருசா வாங்குங்க பாப்பா. கீழ் லயம் வரைக்கும் கேக்கணும்!"

இதே மாமாதான் அப்பா படம் பார்த்த நாட்களில் சுவரைத் தட்டி, "சத்தத்தக் கொறைங்கப்பா, எங்க வூட்டுச் சட்டி ஆடுது!" என்றவர்.

அக்காவிடம் பட்டியலைக் காட்டினேன். "எழுத்து நல்லாருக்கு" என்றாள். எழுத்து மட்டும்தான்! எனக்குக் கொஞ்சம் கோபம்.

ஜூலை 6, ஞாயிறு

மழை. அப்பா படத்துக்கு வரவில்லை.

அக்கா இன்று செய்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். படம் தொடங்கும்போது இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, அதற்கு மேல் கம்பளித் தொப்பியையும் இழுத்துவிட்டுக்கொண்டாள். கடைசி வரை அப்படியே பார்த்தாள். அம்மா: "இவளுக்கு என்னா புடிச்சிருக்கு? காது வலியா?"

முடிந்ததும் பஞ்சை எடுத்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டாள்.

"பாட்டு கேக்குது. அடிதடி கேக்குது. சத்தத்தக் கூட்டினா அது ரெண்டும்தான் கூடுது. பேசுறது மட்டும் இல்ல. வாய் அசையுது, அவ்ளோதான். எனக்கே அழுக வந்துருச்சு. அப்பா எப்புடி இத்தன வருசம் கதய புடிச்சாரு? மூஞ்சியப் பாத்தே புடிச்சிருக்காரு."

நான் ஒன்பது ரி. பற்றிப் படித்தேன். அக்கா அப்பாவின் காதை வாங்கி இரண்டரை மணி நேரம் போட்டுப் பார்த்திருக்கிறாள். பட்டியலைக் கிழித்தேன். (பின்பக்கம் வெற்று, கணக்குச் செய்ய உதவும்.)

மறுபடியும் படித்தேன், இந்த முறை வேறு கேள்வியோடு. விடை: பேச்சை மட்டும் பிரித்து நடுவில் ஒரு ஸ்பீக்கருக்கு அனுப்பும் ரி. இருக்கிறது. அந்த நடு ஸ்பீக்கரை மட்டும் தனியாகக் கூட்டலாம்.

ஜூலை 10, வியாழன். போயா

பௌர்ணமி விடுமுறை. மூடுபனி, எதிர் மலை இல்லை.

கடையில் எந்த ரி. நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாம் நன்றாகத்தான் கேட்கும், எங்களுக்குத்தான் காது இருக்கிறதே. யோசித்தபடி அரிசி களைந்தேன். பிறகு: சொல்வதெழுதுதல்! ஆசிரியர் வாசிக்க நாங்கள் எழுதுவோமே, அதுவே. படம் வாசிக்கும், பஞ்சு வைத்த அக்கா எழுதுவாள், நான் திருத்துவேன். அப்பா சி.ஐ.டி. என்ற அதே படம்தான், அக்காவின் பென் டிரைவில் இருக்கிறது. அதிலிருந்து பத்துப் பத்து வசனமாக மூன்று காட்சி. ஒரே காட்சியைப் போட்டால் மனப்பாடம் ஆகிவிடும்.

அக்கா கேட்டுவிட்டு என் தலையில் குட்டினாள். சந்தோஷக் குட்டு.

ஜூலை 12, சனி

ஹட்டன் டவுன். அக்காவுக்கு அரை நாள் லீவு. பஸ்ஸில் ஒரே ஈரக்குடை வாசனை.

கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்களை இங்கே இப்படித்தான் கூப்பிடுவோம்) பழைய செட், புதுச் செட் இரண்டும் விற்பவர். மூன்று ரி. எடுத்து வைத்தார், மூன்றும் எங்கள் கணக்குக்குள். முதலாவது என் பட்டியலின் ராஜா. பின்பக்கம் குனிந்து பார்த்தேன், 100 வோல்ட் என்று இருந்தது. நம் வீட்டுக் கரண்ட் 230.

"நானா, இத அப்படியே சொருகினா?"

"ஒரே பொக, தங்கச்சி. டிரான்ஸ்போமர் வேணும். தாரன். புள்ள நல்லா பாக்குது."

அக்கா பென் டிரைவை நானாவிடம் கொடுத்துவிட்டு, பையிலிருந்து பஞ்சை எடுத்தாள். அப்பியாசக் கொப்பியையும் எடுத்தாள். வாய் அசைவு தெரியாதபடி சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நானா என்னைப் பார்த்தார்.

"சாமான் வாங்க வந்தீங்களா, சோதின எழுத வந்தீங்களா?"

"சோதினதான் நானா. எழுதுறது அக்கா, ஆனா பாஸ் பண்ண வேண்டியது உங்க செட்டு."

சத்தமாகச் சிரித்தார். சிரித்தாலும் மூன்றுக்கும் ஒரே ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிப் பொறுமையாகக் கொழுவினார். யாரும் கேட்காமலே. நல்ல மனிதர்.

ராஜா: 4/10. நடு ஸ்பீக்கரைக் கூட்டலாம் என்றால் மெனு முழுக்க ஜப்பான் எழுத்து. நானாவுக்கும் தெரியாது.

புதிது, நீல லைட் எரிவது: 3/10. இடி மட்டும் பிரமாதம்.

மூன்றாவது கறுப்புச் செட், முகத்தில் நீளக் கீறல். "பழசு தங்கச்சி, ஆனா உள்ளுக்கு நல்ல சாமான் ஈக்கி." ரிமோட்டிலேயே நடு ஸ்பீக்கருக்குத் தனிப் பட்டன். ஆறு தடவை அழுத்தினார். அக்கா எழுதினாள், எழுதினாள், தலை நிமிரவே இல்லை.

9/10. பிழை ஒன்று, அதுவும் வெளியே பஸ் ஹோர்ன் அடித்த நேரம். நானாவுக்கே நம்பிக்கை இல்லை. மிச்சப் பஞ்சைத் தன் காதில் வைத்துக் கேட்டார். அக்கா அப்பாவின் காதைப் பற்றிச் சொன்னாள்.

"என்ட வாப்பாவுக்கும் இதே கேஸ்தான்" என்றார்.

கறுப்புச் செட்டோடு நடு ஸ்பீக்கர் ஒன்று, சின்னது இரண்டு வாங்கினோம். இடி போல அதிரும் பேஸ் பெட்டி வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். "செவுத்துக்கு அந்தப் பக்கமும் மனுசங்க இருக்காங்க நானா."

வரும்போது ரி. என் மடியில், மழைக்கோட்டுக்குள். கண்டக்டர்: "பாப்பா, புள்ளைக்கு அர டிக்கட்டா?"

ஜூலை 13, ஞாயிறு

பேய் மழை. தகரத்தில் கல் கொட்டுவது போல. நல்ல நாளாகப் பார்த்தது!

காலையில் வயர் வேலை. நானா எழுதிக் கொடுத்த துண்டைப் பார்த்து நானே கொழுவினேன். அக்கா டோர்ச் பிடித்தாள். நடு ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே, அப்பா முன்பு உட்காரும் பலகைக்கு நேராக.

படம்: அதேதான். அக்காவின் தெரிவு. எனக்குப் பயம், அப்பா கோபித்துக்கொண்டால்?

"அப்பா, பாட்டு எப்புடி இருக்குன்னு வந்து சொல்லுங்க" என்றாள் அக்கா. அப்பா கதவு நிலையில் சாய்ந்தார். உட்காரவில்லை. நான் ரிமோட்டை அழுத்தினேன். ஆறு தடவை. பிறகு இன்னும் இரண்டு.

பாட்டு முடிந்தது. அப்பா போகவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை, அக்கா கையைக் கிள்ளித் தடுத்தாள். பலகை கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

பாதிப் படத்தில் முத்தையா மாமா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில்.

"என்னா, புதுச் செட்டு வாங்குனதா சொன்னாங்க, சத்தத்தையே காணோம்? கரண்டு இல்லியா?"

"சும்மா இருய்யா மச்சான். பேசிக்கிட்டு இருக்காங்கல்ல!"

அப்பா சொன்னது. அப்பா! மாமா சாக்கோடு அப்படியே குந்திவிட்டார். அம்மா அப்போதுதான் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். விளங்கிவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

பெரியவர் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் காட்சி. மிக மெதுவாகப் பேசுவார், எனக்கே முன்பு சரியாகக் கேட்டதில்லை. வெளியே அவ்வளவு மழை. அப்பா முன்னால் சாய்ந்து, முழங்காலில் கையை ஊன்றி, அசையாமல்.

"சி.ஐ.டி. இல்லடி" என்றார், எங்களுக்குத் தெரியாது என்பது போல. "பெத்த அப்பன். எட்டு வருசமா தேடியிருக்கான். இப்பத்தான் சொல்றான்."

யாரும் சிரிக்கவில்லை. மாமாவும்.

படம் முடிந்தது. அக்கா எழுந்து டிவியை அணைக்கப் போனாள்.

"அணைக்காத" என்றார் அப்பா. "மொதல்லேர்ந்து போடு."