ஹென்றியெட்டாவின் சுருதி

அஸ்டோரியா, நியூயார்க்
பிப்ரவரி, ஞாயிறு மதியம்

அன்பு மகள் போப்பிக்கு,

உன்னைப் பெறாமலே வளர்த்தவனும், நியூயார்க் நாடக உலகின் கோட்டை வாசலைத் தன்னந்தனியாகக் கட்டிக் காத்தவனுமாகிய உன் மாமன் பனயோட்டிஸ் வாழ்த்தி எழுதுவது. தோளுக்குப் பின்னால் நின்று படிக்கும் உன் வசிலிக்கி மாமி, “மேடை வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து சாவி குடுத்தவர்னு எழுதுங்க, அது போதும்” என்கிறாள். எழுதிவிட்டேன். இங்கே நாங்கள் இருவரும் குளிரில் விறைத்தாலும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே கலிபோர்னியா வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாயா என்பதுதான் எங்கள் கவலை. போன வாரம் விழுந்த பனி இரண்டாவது மாடி ஜன்னல் வரை வந்தது, நான் ஒருவனே வாரித் தள்ளி இந்த ஊருக்குப் பாதை போட்டேன். சிலை வைக்கிறேன் என்றார்கள், நான்தான் அடக்கம் கருதி மறுத்துவிட்டேன். (பனி கணுக்கால் அளவுதான். இது மாமி சொல்லி எழுதியது.)

நீ போனில் கேட்டாயே, “உப்புக் கல்யாணம் நாடகத்தை மறுபடி போடறாங்க மாமா, அந்த சத்திரக்கார விதவை வேஷத்துக்கு என்னையே கூப்பிடறாங்க, அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும், வேண்டாம்னு சொல்லிடவா?” என்று. அரை நிமிஷம் நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து மாமி பயந்து போய் என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு இந்த வாரம் ஒரு விஷயம் தெரிய வந்தது. போனில் சொன்னால் பாதியிலேயே “சரி மாமா, சரி மாமா” என்று வைத்துவிடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி, நான் வழக்கம்போல் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

செவ்வாய்க்கிழமை உன் புதுப் படத்துக்குப் போயிருந்தோம். நீ திரையில் வந்ததும் நான் எழுந்து நின்று, “இது என் மருமக, எங்க வீட்டுச் சமையல் கட்டுல பாடக் கத்துக்கிட்டவ” என்று சபைக்கு அறிவித்தேன். பின்னால் இருந்த ஒரு பெரியவர், “சந்தோஷம், உக்காருய்யா, மருமகளை மறைக்கிறே” என்றார். பாத்திரம் கழுவிக்கொண்டே மெல்ல முனகுகிறாயே, அந்த இடத்தில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உன் முதல் மதியக் காட்சி ஞாபகம் வந்துவிட்டது. அப்போது நீ உப்புக் கல்யாணத்தில் கூட்டத்தில் ஆடும் பெண், சத்திரக்கார விதவையாக நடித்த ஹென்றியெட்டா வான் டைன் அம்மாளுக்கு மாற்று நடிகை. அந்த அம்மாளுக்குக் காய்ச்சல் என்றதும் நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள் உன் பெயர் போட்ட சின்னச் சீட்டைச் செருகினார்கள், அதைப் பிரித்துப் படித்த சனம் மொத்தமும் “ஹூம்...” என்று விட்ட பெருமூச்சில் திரைச்சீலை ஒரு முழம் உள்ளே போனது. அந்த அம்மாளின் கவுனை முதுகில் ஊக்குப் போட்டு இறுக்கி, அந்த அம்மாளின் செருப்பில் பஞ்சு அடைத்து, அந்த அம்மாளின் பாட்டைப் பாடினாய். முடிந்ததும் எழுந்த கைதட்டலில் ஹட்சன் ஆற்றில் கப்பல்கள் திசை மாறின என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். பிறகு அந்த அம்மாள் விலகிக்கொண்டாள், வேஷம் உனக்கே வந்தது, வாசலுக்கு மேலே உன் பெயரை விளக்குப் போட்டு எழுதினார்கள். மாமி மூன்று தரம் துப்பித் திருஷ்டி கழித்து, கவுன் மடிப்புக்குள் கண்ணேறு தடுக்கும் நீலக் கண்மணியைத் தைத்து வைத்தாள்.

அந்தப் புதன்கிழமையைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. இப்போது பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இரண்டாம் பாகத்துப் பாட்டில், மேலே போய் நிற்க வேண்டிய இடத்தில், உன் குரல் உடைந்தது. நீ நின்றுவிட்டாய், வாத்தியங்களும் நின்றன, பஸ் பிடித்து வந்து, காட்சி முழுக்க மிட்டாய்க்குக் கைப்பையைக் குடைகிற நியூஜெர்சி அம்மாக்கள்கூடக் கையை எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் நீ தொலைக்காட்சிக்குப் போனாய். பேரும் பணமும் இழுத்துக்கொண்டு போயிற்று என்று ஊர் சொன்னது, நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அங்கே முதல் நாள் நர்ஸ் வேஷத்தில் வசனம் பேசிவிட்டு மேடைப் பழக்கத்தில் நீ அப்படியே நின்றதும், டைரக்டர் “ஏம்மா நிக்கிறே?” என்று கேட்டதும், நீ “சிரிச்சு முடிக்கட்டும்னு” என்றதும், அவர் சுற்றிலும் பார்த்து “யாரு?” என்றதும், இந்தத் தெருவில் நான் சொல்லாத ஆள் இல்லை. அப்புறம் நீதிபதி அங்கி மாட்டி வருஷக்கணக்காக அமெரிக்கா முழுவதையும் ஜெயிலில் போட்டாய், அப்புறம் சினிமா. எல்லாம் பெருமைதான். ஆனால் உப்புக் கல்யாணத்தின் பேரை யாராவது எடுத்தால் நீ தண்ணீர் குடிக்கப் போய்விடுவாய், எனக்குத் தெரியாதா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை லெம்யூல் சாப்பிட வந்தார். உன் நாடகத்தில் பியானோ வாசித்து இசைக்குழுவை நடத்தினாரே, அவரேதான், காது மந்தம், பசி மட்டும் மந்தமில்லை. மாமியின் எலுமிச்சை சூப்பை மூன்றாவது கிண்ணம் குடித்துக்கொண்டிருக்கும்போது நீ போனில் கேட்டதைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “அந்தப் பாட்டு அவ்வளவு உசரம் கிடையாதே பனயோட்டிஸ். எழுதினது ஒன்றரைக் கட்டை கீழே. ஹென்றியெட்டா வந்ததும் எனக்கு மேலே வேணும்னு கேட்டா, ஏத்திக் குடுத்தோம். உன் பொண்ணு கடைசி வரைக்கும் அவ சுருதியிலயேதான் பாடினா” என்றார். நான், “ஏன்யா, இறக்கிக் குடுத்திருக்கலாமே?” என்று கத்தினேன். காது மந்தத்துக்காகக் கத்தவில்லை. “ஒரு வார்த்தை கேட்டிருந்தா மறுநாள் மத்தியானத்துக்குள்ள இறக்கியிருப்பேன். அவ கேக்கலை. நடிகை கேக்காம நானாப் போய் உன்னால முடியலை, இறக்கித் தரட்டுமான்னு எந்த வாயால சொல்றது? எங்க தொழில்ல அதைவிட அவமானம் கிடையாது” என்றார். உனக்கும் எனக்கும் தெரிந்ததுதான், பெயர் பெரிய எழுத்தில் வந்தவர்களுக்கெல்லாம் பாட்டை ஏற்றுவார்கள், இறக்குவார்கள், சட்டை தைக்கிற மாதிரி அளவெடுத்துத் தருவார்கள். மாற்று நடிகைக்கு மட்டும்தான் அந்தப் பேச்சே கிடையாது, அடுத்தவள் அளவுதான். வேஷம் உனக்கே வந்த பிறகும், என் தங்கமே, நீ மாற்று நடிகையாகவே நின்றிருக்கிறாய். உன் பெயர் விளக்கில் எரிகிறது, நீ இன்னொருத்தியின் சுருதியில் பாடுகிறாய். கண்ணேறு என்று மாமி சொன்னாள், நான் விதி என்றேன், நீ உன் தொண்டை என்றாய். மூவருமே தப்பு.

இனிமேல் எழுதப் போவதில் கப்பலும் கிடையாது, சிலையும் கிடையாது. நான் புகழ்ந்தால் நீ நம்பமாட்டாய், அது நானே தேடிக்கொண்டது, அதனால் புகழவில்லை. சினிமாவில் நீ முனகியதை நன்றாகக் காது கொடுத்துக் கேட்டேன். உன் குரல் இறங்கிவிட்டது போப்பி. பழைய உயரம் போய்விட்டது, இனி வராது. கீழே இருப்பது கனமாக இருக்கிறது, கணவனை இழந்து சத்திரம் நடத்துகிற ஒருத்தியின் குரலாக இருக்கிறது. வாரத்துக்கு எட்டுக் காட்சி உன் முழங்காலுக்குத் தாங்குமா என்று எனக்குத் தெரியாது, மேடை உனக்கு இன்னும் பிடிக்குமா என்றும் தெரியாது. பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல், நாங்கள் டிவியில் உன் பழைய தீர்ப்புகளைப் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் அந்தப் புதன்கிழமைக்காக மட்டும் வேண்டாம் என்று சொல்வதானால், அதற்கு முன் அவர்களைக் கூப்பிட்டு, பாட்டை என் சுருதிக்கு இறக்கித் தருவீர்களா என்று கேள். பதில் என்னவாக இருந்தாலும் இருக்கட்டும், கேட்டது நீயாக இரு. கேட்டுவிட்டு எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

மாமி இந்தப் பத்தியை இரண்டு முறை படித்தாள், ஒரு வார்த்தையும் அடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், இரவில் ஏசிக் காற்று நேராகக் கழுத்தில் படும்படி படுக்காதே. எங்கள் அன்னை மரியாள் உன் தலைக்கு மேல் கை வைத்துக் காக்கட்டும், நூறு வயது இரு, அந்த நூறிலும் பசி எடுக்கட்டும். நினைவிருக்கட்டும், வருகிற வெள்ளிக்கிழமை நியூயார்க் ஆபீஸ்காரர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார்கள், அங்கே உனக்கு அப்போது மணி இரண்டுதான். மதியம் படுத்துத் தூங்கிவிடாதே, காலையிலேயே கூப்பிட்டுவிடு.

உன் குரல் எத்தனை கட்டையில் இருந்தாலும் முதல் வரிசையில் உட்காரப் போகிற,
உன் மாமன்
பனயோட்டிஸ்